ஓட்டு வேறாகலாம், உறவு வேறாகலாமா?

(கோவையில் வணிகர்களும் இளைஞர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கூட்டத்துக்கு ஏற்பாடு செய்த தம்பிகள் எனக்குக் கொடுத்த தலைப்பைக் கேட்டதும் முதலில் சிரிப்பு வந்தது. "கல்யாண வீட்டில் கட்சி பேசலாமா?" என்று கேட்டிருந்தார்கள். வக்ஃபு பற்றிப் பேசலாம், இடஒதுக்கீடு பற்றிப் பேசலாம், வங்கிக் கடன் கிடைக்காத கஷ்டத்தைப் பேசலாம். இதற்கெல்லாம் ஒரு கூட்டமா என்று நினைத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால், சென்ற சில ஆண்டுகளில் நம் ஜமாஅத் அலுவலகங்களுக்கு வந்த குடும்ப வழக்குகளில் எத்தனை வழக்கு இதில் தொடங்கியது என்பது முத்தவல்லிகளுக்குத் தெரியும். சீர் பற்றிய சண்டை என்று எழுதி வாங்குவார்கள். சொத்துப் பிரச்சினை என்று சொல்வார்கள். கிளறிப் பார்த்தால் அடியில் ஒரு தேர்தல் இருக்கும்!

ஷவ்வால் பிறந்துவிட்டால் நம் ஊரில் மண்டபம் கிடைப்பதில்லை. கோட்டைமேடு, உக்கடம், கரும்புக்கடை, குனியமுத்தூர், போத்தனூர் எங்கும் நிக்காஹ்தான். பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரத்திலிருந்து ராவுத்தர் சொந்தங்கள் வருவார்கள். திருப்பூரிலிருந்து பனியன் கம்பெனிக்காரர்கள் வருவார்கள். பள்ளப்பட்டியிலிருந்து ஒரு வேன் வரும். பாலக்காட்டிலிருந்து மலையாளம் பேசும் சம்பந்தி வீட்டார் வருவார்கள். மூன்று மொழி, நான்கு ஊர், ஒரே பந்தி. பிரியாணியும் தால்ச்சாவும் பரிமாறி முடிக்கும் வரை எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். சாப்பிட்டுக் கைகழுவி, வெற்றிலையோ பீடாவோ போட்டுக்கொண்டு, நாற்காலிகளை வட்டமாக இழுத்துப் போட்டு உட்காருகிறார்களே, அங்கேதான் ஆரம்பம். "என்ன மச்சான், உங்க கட்சி இப்படிப் பண்ணிடுச்சே?" என்று ஒருவர் கேட்பார். கேட்டவர் சும்மாதான் கேட்டிருப்பார். பதில் சொல்பவர் சும்மா சொல்ல மாட்டார்.

பாலக்காட்டுச் சம்பந்திகளின் நிலைமையை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கும். 2019 நாடாளுமன்றத் தேர்தலில் நம் கோவையில் மார்க்சிஸ்ட் கட்சியின் பி.ஆர். நடராஜனுக்கு முஸ்லிம் லீக்கார்கள் வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டார்கள். காரணம், அவர் தி.மு.க. அணி வேட்பாளர். வாளையாறு தாண்டிப் போனால் அதே தேர்தலில் அதே லீக்கார்கள் அதே மார்க்சிஸ்டைத் தோற்கடிக்கக் காங்கிரசுக்கு வேலை செய்தார்கள். நடுவில் இருப்பது ஒரு மணி நேரப் பயணம். இதில் எது கொள்கை, எது துரோகம் என்று கல்யாணப் பந்தலில் தீர்ப்புச் சொல்ல யாரால் முடியும்?

ஏன் ஒவ்வொரு வீட்டிலும் நாலு கட்சி?

இளைஞர்கள் பலருக்கு ஒரு குறை உண்டு. "நம் சமுதாயம் ஏன் ஒரே குரலில் பேசுவதில்லை? என் பெரியத்தா ஏன் இன்னும் இரட்டை இலைக்கே போடுகிறார்? என் மாமா ஏன் உதயசூரியனை விட மாட்டேன் என்கிறார்?" என்று ஆத்திரப்படுகிறார்கள். வரலாற்றைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் ஆத்திரம் குறையும்.

1948 மார்ச் 10 அன்று சென்னை ராஜாஜி ஹாலில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக் தொடங்கப்பட்ட நாளிலிருந்து, காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிப் அவர்கள் இருந்தவரை, தமிழ்நாட்டு முஸ்லிம் வீடுகளில் பெரும்பாலும் ஒரே பேச்சுத்தான். 1967-இல் அவர் தி.மு.க.வோடு நின்றார், சமுதாயமும் நின்றது. காயிதே மில்லத் அவர்கள் 1972 ஏப்ரலில் மறைந்தார்கள். அதே 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். தனிக்கட்சி கண்டார். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். எல்லோரும் கேட்டு நடந்த தலைவர் இல்லாமல் போன ஆண்டிலேயே, நாம் ஒண்டியிருந்த பெரிய வீடும் இரண்டாகப் பிரிந்தது. 1973 மே மாதம் திண்டுக்கல் இடைத்தேர்தலில் எம்.ஜி.ஆர். கட்சி வென்றபோது, ராவுத்தர் குடும்பங்கள் நிறைந்த அந்தப் பகுதியில் அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். நம் கொங்குச் சீமையில் இரட்டை இலை எப்படி வேர் பிடித்தது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. நம் நன்னிமார்கள் பலருக்கு எம்.ஜி.ஆர். என்றால் உயிர். அதைக் கொள்கைப் பிழை என்று பேரன் வந்து விளக்கினால் நன்னிக்குக் கோபம் வராதா?

அப்புறம் நம் அமைப்புகளே பிரிந்தன. பாபரி மஸ்ஜித் இடிப்புக்குப் பிறகு 1994-இல் இப்ராஹீம் சுலைமான் சேட் சாஹிப் தேசிய லீக் கண்டார். தமிழகத்தில் அப்துல் லத்தீஃப் சாஹிப் அந்தப் பக்கம் போனார். 1995-இல் த.மு.மு.க., 2004-இல் அதிலிருந்து தவ்ஹீத் ஜமாஅத், 2009-இல் மனிதநேய மக்கள் கட்சியும் எஸ்.டி.பி.ஐ.யும். 2016 சட்டமன்றத் தேர்தலில் மனிதநேய மக்கள் கட்சி தி.மு.க. அணியில் நின்றது, அதிலிருந்து பிரிந்து அந்த ஆண்டே பிறந்த மனிதநேய ஜனநாயகக் கட்சி அ.தி.மு.க. அணியில் நின்றது. 2024-இல் திண்டுக்கல்லில் எஸ்.டி.பி.ஐ. வேட்பாளர் அ.தி.மு.க. அணியில், அவருக்கு எதிராக மார்க்சிஸ்ட் வேட்பாளருக்காக லீக்கும் ம.ம.க.வும் வேலை செய்தன. இப்போது இளைஞர்கள் சிலர், 2024 பிப்ரவரியில் விஜய் தொடங்கிய கட்சியின் பக்கம் பார்க்கிறார்கள். ஆக ஒரு வீட்டில் ஐந்து ஆண்கள் இருந்தால் ஐந்து பேச்சு இருப்பது அவர்களுடைய குணக்கேட்டால் வந்ததல்ல. அது இந்த ஐம்பது வருடச் சரித்திரம் நம் வீட்டுக் கூடம் வரை வந்து உட்கார்ந்திருப்பது.

சட்டசபைக் கணக்கும் மச்சான் கணக்கும்

ஒரு பேச்சை எடுத்துக்கொள்கிறேன். நம் வீடுகளில் அதிகம் சூடு கிளப்பிய பேச்சு அதுதான்.

2019 டிசம்பர் 11. மாநிலங்களவையில் குடியுரிமைத் திருத்த மசோதா. ஆதரவாக 125, எதிராக 105. இருபது ஓட்டு வித்தியாசம். அ.தி.மு.க. உறுப்பினர்களும் பா.ம.க. உறுப்பினரும் ஆதரவாக ஓட்டுப் போட்டார்கள். அவர்கள் மாற்றிப் போட்டிருந்தால் மசோதா அன்று விழுந்திருக்கும். இது கூட்டல் கழித்தல் தெரிந்த எவரும் மறுக்க முடியாத கணக்கு. இதை எங்கும் சொல்லலாம், எவரிடமும் சொல்லலாம். சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் நம் வீடுகளில் என்ன நடந்தது? இருபது வருடமாக அ.தி.மு.க. வார்டு கிளையில் இருக்கிற மச்சானைப் பார்த்து, "நீதான் எங்களை நாடற்றவன் ஆக்கினாய்" என்று பேசினார்கள். அந்த மச்சான் மாநிலங்களவையில் உட்கார்ந்திருந்தாரா? அவர் செய்ததெல்லாம் தெருவுக்குக் குழாய் போடச் சொல்லிக் கவுன்சிலரிடம் அலைந்தது. முதியோர் பென்ஷன் வாங்கிக் கொடுத்தது. ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க மனு எழுதியது. மசோதா நிறைவேறிய இரவில் அவரும்தான் தூங்கியிருக்க மாட்டார். 2020 பிப்ரவரியில் ஆத்துப்பாலத்தில் நம் தாய்மார்கள் கைக்குழந்தைகளோடு போராட்டத்தில் உட்கார்ந்தார்களே, அந்தக் கூட்டத்தில் இரட்டை இலை வீட்டுப் பெண்கள் இல்லையா?

தலைமை போட்ட ஓட்டுக்கும் தொண்டனுடைய ஈமானுக்கும் முடிச்சுப் போடுகிறோம் பாருங்கள், அங்கேதான் வீடு உடைகிறது. "உன் கட்சி செய்தது தவறு" என்பது ஒரு பேச்சு. அதற்கு அவரிடம் பதில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். "நீ முனாஃபிக்", "நீ சமுதாயத் துரோகி", "நீ விலை போனவன்" என்பது வேறு பேச்சு. முதல் பேச்சை நாளைக்குத் தொடரலாம். இரண்டாவது பேச்சுக்கு நாளை என்று ஒன்று இல்லை. அதைக் கேட்டவர் மறக்கவே மாட்டார்; அவர் பிள்ளைகளும் மறக்க மாட்டார்கள்.

அல்ஹுஜுராத் அத்தியாயத்தை எல்லோரும் ஓதியிருக்கிறோம். கேலி செய்வது, பட்டப்பெயர் வைப்பது, சந்தேகம் கொள்வது, துருவித் துருவி ஆராய்வது, புறம் பேசுவது, இத்தனையையும் அல்லாஹ் ஒரே இடத்தில் வரிசையாகத் தடுக்கிறான். நம் கல்யாண வீட்டு நாற்காலி வட்டத்தை ஒரு அரைமணி நேரம் நின்று கேட்டுப் பாருங்கள். அந்த வரிசையில் எதுவும் விடுபடாமல் நடக்கும்!

கட்சிகள் மாறும்

இன்னொன்றையும் கவனியுங்கள். அதே அ.தி.மு.க. 2025 ஏப்ரலில் வக்ஃபு திருத்த மசோதாவை எதிர்த்து ஓட்டுப் போட்டது. ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 11 அன்று, அந்த மசோதாவைக் கொண்டு வந்த பா.ஜ.க.வோடு கூட்டணி என்று அறிவிப்பு வந்தது. மசோதா நாளில் தலைநிமிர்ந்து பேசிய மச்சான் அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குத் தலைகுனிந்து வந்தார்.

தி.மு.க. மாமாக்கள் இதைக் கேட்டு ரொம்பவும் மகிழ வேண்டாம். நம் கோவையின் கதையையே சொல்கிறேன். 1998-இல் இங்கே பா.ஜ.க.வின் சி.பி. ராதாகிருஷ்ணன் நாடாளுமன்றத்துக்குப் போனபோது அ.தி.மு.க. அவரைத் தூக்கிச் சுமந்தது. 1999-இல் அவரே மறுபடி ஜெயித்தார். இந்தத் தடவை சுமந்தது யார்? தி.மு.க.! வாஜ்பாய் அரசாங்கத்தில் 2003 கடைசி வரை தி.மு.க. மந்திரிகள் இருந்தார்கள். 1998-இல் அ.தி.மு.க. உறவினரை வெட்கப்படுத்தியவர்கள், மறு ஆண்டே அதே வெட்கத்தைத் தாங்கிக்கொண்டு பூத்துக்குப் போனார்கள். அந்த இரண்டு கட்சிகளும் அதற்குப் பிறகு எத்தனையோ தடவை இடம் மாறிவிட்டன. தலைவர்கள் ஒருவரையொருவர் கல்யாண வீடுகளில் கைகுலுக்கிக்கொண்டார்கள். 1999-இல் பேச்சு நின்றுபோன நம் அண்ணன் தம்பிகள் சிலர் மட்டும் இன்னும் பேசிக்கொள்ளவில்லை. மய்யித் வீட்டில்கூட வேறு வேறு திண்ணையில் உட்காருகிறார்கள்.

ஜைனப் (ரலி) அவர்களின் மாலை

அரசியல் பிளவு குடும்பத்துக்குள் வந்தால் என்ன செய்வது என்பதற்கு நமக்கு வெளியே போய்த் தேட வேண்டியதில்லை. நபி (ஸல்) அவர்களின் வீட்டிலேயே அது நடந்தது. நடந்ததும் சாதாரணமானதல்ல, ஓட்டுச் சண்டை அல்ல, போர்க்களம்!

நபி (ஸல்) அவர்களின் மூத்த மகள் ஜைனப் (ரலி). அவர்களுடைய கணவர் அபுல் ஆஸ், மக்காவின் நம்பிக்கைக்குரிய வியாபாரி. மனைவி இஸ்லாத்தை ஏற்றார், கணவர் ஏற்கவில்லை. ஹிஜ்ரி 2-இல் பத்ருப் போர் வந்தபோது அபுல் ஆஸ் எதிரிப் படையில் வந்து கைதியானார். கைதிகளை மீட்க மக்காவிலிருந்து பணமும் பொருளும் வந்தன. ஜைனப் (ரலி) அனுப்பிய பொருளில் ஒரு கழுத்து மாலை இருந்தது. தாயார் கதீஜா (ரலி) மகளுக்குக் கல்யாணத்தின்போது போட்ட மாலை. அதைப் பார்த்ததும் நபியவர்களின் மனம் இளகிவிட்டது என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். தாமாக உத்தரவு போடவில்லை. தோழர்களிடம், நீங்கள் சம்மதித்தால் கைதியையும் விட்டுவிட்டு மாலையையும் திருப்பிக் கொடுக்கலாம் என்று கேட்டார்கள். தோழர்கள் சம்மதித்தார்கள்.

இதில் நான் உங்களைக் கவனிக்கச் சொல்வது ஒரே விஷயம். ஆண்கள் இரண்டு பக்கமும் நின்று சண்டை போட்டார்கள். கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தது யார்? நடுவில் நின்ற பெண்.

நம் வீட்டிலும் அதுதான் நடக்கிறது. நீங்கள் கல்யாண மண்டபத்தில் மச்சானைப் பத்துப் பேர் முன்னால் மட்டம் தட்டிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவீர்கள். அந்த இரவு உங்கள் தங்கை அந்த மச்சானோடுதான் வீட்டுக்குப் போக வேண்டும். "உன் அண்ணன் என்ன பேசினான் தெரியுமா?" என்று வழியெல்லாம் கேட்க வேண்டும். அடுத்த பெருநாளுக்குத் தாய் வீட்டுக்கு வர அனுமதி இருக்காது. அத்தாவுக்கு உடம்பு சரியில்லை என்றால்கூடப் போனில் அழுதுவிட்டு வைத்துவிடுவார். அரசியலில் உங்களுக்கு ஒரு பேச்சு ஜெயித்தது. அதற்கு விலை கொடுத்தது அந்தப் பெண். அவருக்கு எந்தக் கட்சி என்று நீங்கள் ஒருநாளாவது கேட்டதுண்டா?

அபுல் ஆஸ் கதை அங்கே முடியவில்லை. வியாபாரிகள் மீதியையும் கேட்க வேண்டும். சில ஆண்டுகள் கழித்து, குறைஷிகளின் சரக்கோடு சிரியாவிலிருந்து திரும்பும் வழியில் அவருடைய சரக்கு முஸ்லிம்களிடம் பிடிபட்டது. அவர் இரவோடு இரவாக மதீனா வந்து ஜைனப் (ரலி) அவர்களிடம் அடைக்கலம் கேட்டார். அவர்கள் கொடுத்தார்கள், நபியவர்களும் அதை மதித்தார்கள். சரக்கும் திரும்பக் கிடைத்தது. அபுல் ஆஸ் நேராக மக்கா போனார். யார் யாருக்கு எவ்வளவோ அதைக் கணக்குத் தீர்த்துக் கொடுத்தார். யாருக்காவது இன்னும் பாக்கி உண்டா என்று கேட்டார். இல்லை என்று சொன்ன பிறகுதான் எல்லோர் முன்னாலும் கலிமாச் சொன்னார். முதலிலேயே சொல்லியிருந்தால், சரக்கை அமுக்கிக்கொள்ளத்தான் மதம் மாறினான் என்று பேசியிருப்பார்களாம்.

அத்தனை வருடம் எதிரணியில் இருந்தவரை மாமனார் வீடு ஒருநாளும் அசிங்கமான பெயர் சொல்லி விரட்டவில்லை. கதவைச் சாத்தவுமில்லை. விரட்டியிருந்தால் அவர் எந்தக் கதவைத் தட்டியிருப்பார்?

1997, 1998: வந்தவர்கள் யார்?

இதைக் கோவையில் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. இங்கே இருக்கிற தம்பிகளில் பாதிப் பேர் அப்போது பிறக்கவில்லை.

1997 நவம்பர் 29 அன்று போக்குவரத்துக் காவலர் செல்வராஜ் கொல்லப்பட்டார். அது ஒரு கொடுமை. அடுத்த நாட்களில் நடந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். நம் கடைகள் எரிந்தன. 1998 பிப்ரவரி 14-இல் குண்டுவெடிப்புகள். 58 உயிர்கள் போயின, இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் காயப்பட்டார்கள். செத்தவர்கள் யாருக்கும் எந்தக் கெடுதலும் செய்யாத ஜனங்கள். அதற்குப் பிறகு கைதுகள். 166 பேர் மீது வழக்கு. 2007 வரை விசாரணை. ஒன்பது ஆண்டு உள்ளே இருந்துவிட்டு விடுதலையானவர்களும் அதில் உண்டு.

அந்த ஆண்டுகளில் கடை எரிந்தவனுக்குக் கைமாற்றுக் கொடுத்து மறுபடி ஷட்டர் தூக்க வைத்தது யார்? ஒப்பணக்கார வீதியிலும் பெரிய கடை வீதியிலும் நம்மவர்களுக்குக் கடன் சரக்குத் தர யோசித்த நேரத்தில், தன் பெயரில் சரக்கெடுத்துக் கொடுத்தது யார்? மத்திய சிறை வாசலில் சாப்பாட்டுத் தூக்கோடு வரிசையில் நின்றது யார்? பெரியத்தா, மாமா, மச்சான், சகலை. அதில் தி.மு.க.காரர் இருந்தார், அ.தி.மு.க.காரர் இருந்தார், லீக்கார் இருந்தார், கட்சி என்றாலே காத தூரம் ஓடுகிறவரும் இருந்தார். எந்தக் கட்சித் தலைமையும் அந்த வரிசையில் நிற்கவில்லை. (மாற்று மதச் சகோதரர்கள் சிலர் பயந்துகொண்டே வந்து உதவினார்கள். அதையும் மறக்கக் கூடாது.)

வங்கி மேலாளர் நம்மைப் பார்த்து ஜாமீன் யார் என்று கேட்டால், நாம் கைகாட்டுவது சொந்தக்காரரைத்தான். பழைய இரும்புக் கடையோ, மீன் மார்க்கெட்டில் ஒரு தட்டோ, திருப்பூரில் பத்துத் தையல் மெஷினோ, நம் தொழில்களில் முதல் என்பது பெரும்பாலும் மச்சான் போட்ட முதல். கூட்டுக் கடையில் கல்லாவுக்கு மேலே கட்சிக் காலண்டர் மாட்டுவதில் தொடங்கிய தகராறில் கடையே இரண்டாகப் போவது நம் வியாபார வீதிகளுக்குப் புதிதல்ல. இரண்டு போர்டு, ஒரே வாடிக்கையாளர் கூட்டம், பாதி வியாபாரம். நடுவில் லாபம் பார்த்தது எதிர்க்கடைக்காரர்.

தம்பிகள் பேசட்டும்

"அப்படியானால் வீட்டில் அரசியலே பேசக் கூடாது என்கிறீர்களா?" என்று கேட்பீர்கள். இல்லை! அதுதான் இருப்பதிலேயே ஆபத்தானது.

சில பெரியவர்கள் அப்படித்தான் சமாளிக்கிறார்கள். பையன் வாயைத் திறந்தால், "நீ என்ன கண்டே? சாப்பிட்டுவிட்டுப் போ" என்று அடக்கிவிடுகிறார்கள். சபை அமைதியாகிவிடும். பையன் அமைதியாக மாட்டான். டெல்லியில் என்ன நடக்கிறது, பாலஸ்தீனத்தில் என்ன நடக்கிறது என்று அவன் கைபேசியில் இரவெல்லாம் பார்க்கிறான். அவனுக்குள் கேள்வி இருக்கிறது, கோபம் இருக்கிறது. அந்தக் கோபத்தை அத்தாவிடம் கொட்ட முடியாது, பெரியத்தாவிடம் கொட்ட முடியாது என்றால், கேட்டுக்கொள்ள வெளியே ஒருவன் காத்திருப்பான். அவன் யார், அவனுடைய நோக்கம் என்ன என்பது நமக்குத் தெரியாது. 1998-இல் இந்த ஊர் அதைப் பார்த்தது. 2022 அக்டோபர் 23 அதிகாலை கோட்டைமேட்டில் கோயில் முன்னால் கார் வெடித்தபோது மறுபடி பார்த்தது. ஜமாஅத்துகள் எல்லாம் உடனே கண்டித்தன. நல்லதுதான். ஆனால் கண்டிப்பது நடந்த பிறகு செய்கிற வேலை. நடப்பதற்கு முன்னால் செய்கிற வேலை வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. பையன் தப்பாகப் பேசினாலும் பேசட்டும். நம் முன்னால் பேசட்டும். எதிர்த்து வாதாட ஒரு மாமா இருக்கிற பையன் அவ்வளவு சீக்கிரம் வழி தவற மாட்டான்.

தம்பிகளுக்கும் ஒரு சொல். உங்கள் கையில் புள்ளிவிவரம் இருக்கிறது, வீடியோ இருக்கிறது. பெரியத்தாவிடம் அது இல்லை. அவரிடம் இருப்பது 1997 டிசம்பரில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஞாபகம். அவர் ஒரு கட்சியை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது முட்டாள்தனத்தால் அல்ல. அன்று எந்தக் கவுன்சிலர் வீட்டுக் கதவு திறந்ததோ அந்தக் கட்சியை அவர் விட மாட்டார். "ஏன் பெரியத்தா இந்தக் கட்சி?" என்று ஒருதடவை உண்மையாகவே கேட்டுப் பாருங்கள். நீங்கள் எந்தப் புத்தகத்திலும் படிக்காத ஒரு கதை வரும்.

எப்போது, எங்கே?

2021 சட்டமன்றத் தேர்தலில் கோவை தெற்குத் தொகுதி. பா.ஜ.க.வின் வானதி சீனிவாசன் 53,209. கமல்ஹாசன் 51,481. காங்கிரஸின் மயூரா ஜெயக்குமார் 42,383. வித்தியாசம் வெறும் 1,728. பின்னால் வந்த இருவரும் வாங்கியதைக் கூட்டினால் 93,864. முடிவு வந்தது மே 2-ஆம் தேதி. "நீ கமலுக்குப் போட்டதால்தான்" என்று ஒரு தம்பி, "நீ கைக்குப் போட்டதால்தான்" என்று இன்னொரு தம்பி. பன்னிரண்டு நாளில் பெருநாள். ஊரடங்கு வேறு. நேரில் போய் முஸாஃபஹா செய்ய முடியாத பெருநாள்; போனிலாவது ஸலாம் சொல்லியிருக்க வேண்டிய பெருநாள். சில வீடுகளில் அந்தப் போனும் அடிக்கவில்லை.

எனக்கு இதில் வருத்தம் என்னவென்றால், முடிவு வந்த பிறகு மாதக்கணக்கில் பேசிய இவர்கள், ஓட்டுக்கு முன்னால் பத்து நாள் உட்கார்ந்து பேசவில்லை. அப்போது பேசியிருந்தால் அது ஆலோசனை. முடிந்த பிறகு பேசியது வெறும் பழி. வேட்பாளர் பட்டியல் வந்ததும் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் உட்கார வைத்துப் பேசுங்கள். பெண்களும் உட்காரட்டும், அவர்களுக்கும் ஓட்டு இருக்கிறது. ஒத்துவரவில்லை என்றால் அவரவர் விருப்பம். ஓட்டுப்பெட்டி மூடிய பிறகு யார் யாருக்குப் போட்டார்கள் என்று விசாரிப்பதை விட்டுவிடுங்கள்.

கல்யாண மண்டபம் இதற்கு இடமில்லை. அங்கே சம்பந்தி வீட்டார் இருக்கிறார்கள். கடைவீதியிலிருந்து வந்த கவுண்டர், செட்டியார், மார்வாடி நண்பர்கள் பந்தியில் இருக்கிறார்கள். நம் வீட்டு மச்சானை நாமே துரோகி என்று கத்தினால், அதை அவர்கள் வீதிக்கு எடுத்துப் போவார்கள். யாராவது ஆரம்பித்தால், "மாமா, இதை நான் உங்கள் கடைக்கு வந்து பேசுகிறேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி போங்கள். தனியாகப் போங்கள், பத்திரிகைச் செய்தி இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள். கூட்டத்தில் எவனும் தன் தவறை ஒப்புக்கொள்ள மாட்டான். கடையில் தேநீர் சொல்லிவிட்டுப் பேசினால், பாதியையாவது ஒப்புக்கொள்வான். சில நேரம் நீங்களே பாதியை ஒப்புக்கொண்டு வருவீர்கள்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவைப் பற்றி நிறையச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. அது மௌத்துச் செய்தியும் நிக்காஹ் தேதியும் சொல்வதற்காக வைத்தது. எங்கோ எப்போதோ நடந்ததை நேற்று நடந்ததாக அனுப்புகிறார்கள். வந்த செய்தியை விசாரிக்காமல் நம்பினால் அறியாமல் ஒரு கூட்டத்துக்குத் தீங்கு செய்துவிடுவீர்கள் என்று நான் முன்னால் சொன்ன அதே ஹுஜுராத்தில் எச்சரிக்கை இருக்கிறது. குழுவிலிருந்து ஒருவர் கோபித்துக்கொண்டு வெளியேறினால், அன்றைக்கே ஒருவர் அவர் வீட்டுக்குப் போக வேண்டும். சேர்த்துவிடுவதற்கு அல்ல, வெளியேறியதை யாரோ கவனித்தார்கள் என்று அவருக்குத் தெரிவதற்கு.

ஏற்கனவே பேச்சு நின்றவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கலாம். மூன்று நாளுக்கு மேல் சகோதரனை ஒதுக்கி வைக்கக் கூடாது என்ற நபிமொழி எல்லோருக்கும் தெரியும். நாம் மூன்று தேர்தல் ஒதுக்கி வைக்கிறோம். யார் முதலில் போவது என்பதுதான் தடையாக இருக்கும். பெரியவர் தம்பி வரட்டும் என்பார். தம்பி பெரியவர் கூப்பிடட்டும் என்பான். ஸலாமை முந்திச் சொல்பவரே இருவரில் சிறந்தவர் என்று அதே நபிமொழியில் வருகிறது. கட்சி விஷயத்தை எடுக்கவே வேண்டாம். பிள்ளைக்கு வரன் பார்க்கிறேன், உங்களுக்குத் தெரிந்த இடம் உண்டா என்று கேட்டுக்கொண்டு போங்கள். வியாபாரி என்றால் சரக்கு விலை கேட்டுக்கொண்டு போங்கள். நம் ஊரில் பேச்சுத் தொடங்க இந்த இரண்டு வாசலும் எப்போதும் திறந்தே இருக்கும்.

மஃக்ரிபுக்கு பாங்கு சொல்லப் போகிறார்கள். தம்பிகள் சீட்டில் எழுதிக் கொடுத்த கேள்விகள் என் கையில் இருக்கின்றன. மாமனார் வேறு கட்சி, மருமகன் வேறு கட்சி, ஒரே வார்டில் இருவரும் போட்டியிட்டால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அதைத் தொழுகை முடிந்து உட்கார்ந்து பேசுவோம், இன்ஷா அல்லாஹ். எழுதியவர் போய்விடாமல் இருங்கள்.